அன்புக்கும் பயிற்சி வேண்டும்



பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுக்க விரும்புகிறவர், அதற்கென்று பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்பதை நீங்கள் அறிவீர்கள். நானும் அவ்வாறு பயிற்சி பெற்ற பிறகே ஆசிரியப் பணியில் சேர்ந்தேன். கரும்பலகையில் எழுதும் முறை முதல் கேள்வி கேட்கும் முறை வரை எல்லாவற்றையும் எங்களுக்குக் கற்பித்தார்கள். நாங்கள் பாடம் நடத்தும்போது மூத்த ஆசிரியர் ஒருவர் கடைசி வரிசையில் அமர்ந்து குறிப்பெடுப்பார். மணி அடித்ததும் குறை நிறைகளை எடுத்துரைப்பார். இத்தனையும் எதற்காக? நாளொன்றுக்கு ஐந்தாறு மணி நேரம் எங்கள் முன் அமரப்போகும் பிள்ளைகளுக்காக. மாலையில் அவர்கள் தத்தம் வீடுகளுக்குச் சென்றுவிடுவார்கள்.

மாலை மணி அடித்த பிறகு செல்வதற்கு வீடு இல்லாத பிள்ளைகளும் இருக்கிறார்கள். பெற்றோரை இழந்தவர்கள், கைவிடப்பட்டவர்கள், கொடுமைக்கு ஆளாகி மீட்கப்பட்டவர்கள், வறுமையால் வீட்டில் வளர இயலாதவர்கள் எனப் பலர் குழந்தைகள் இல்லங்களில் வாழ்கிறார்கள். காலையில் அவர்களை எழுப்புபவரும், உணவு பரிமாறுபவரும், காய்ச்சல் கண்ட இரவில் அருகில் இருப்பவரும் இல்லப் பணியாளரே. ஐந்து மணி நேரத்துக்கு அத்தனை பயிற்சி வேண்டுமென்றால், எஞ்சிய பத்தொன்பது மணி நேரத்துக்கு எவ்வளவு வேண்டும்? இவ்வினாவே இன்றைய பேச்சின் பொருள்.

"இதற்கெல்லாம் பயிற்சி எதற்கு? நல்ல மனம் இருந்தால் போதாதா?" என்று கேட்பவர் உண்டு. ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பது நம் பழமொழி. அதன் உட்பொருள் உயர்ந்ததே. ஆயினும், ஊட்டுகிற கையைத் தட்டிவிடும் பிள்ளைக்கு எவ்வாறு ஊட்டுவது என்பதைப் பழமொழி சொல்லவில்லை.

நெடுநாள் பசியறிந்த சிறுவன், இல்லத்தில் வயிறார உண்ட பின்னரும் ஒரு சப்பாத்தியைத் தலையணைக்கடியில் ஒளித்து வைப்பான். பலமுறை கைவிடப்பட்ட சிறுமி, தன்னிடம் அன்பு காட்டுபவரையே கடுஞ்சொல்லால் புண்படுத்துவாள். இவரும் ஒருநாள் போய்விடுவாரா என்று சோதித்துப் பார்ப்பாள். நல்ல மனம் மட்டும் உடையவர், முன்னதைத் திருட்டு என்பார். பின்னதை நன்றி கெட்டதனம் என்பார். மனம் நொந்து விலகியும் விடுவார். பயிற்சி பெற்றவரோ, இச்செயலின் வாயிலாக இப்பிள்ளை நமக்கு என்ன சொல்ல முயல்கிறது என்று எண்ணிப் பார்ப்பார். பிள்ளையைத் தண்டிப்பதற்கு முன் படித்துப் பார்க்கும் இந்தப் பழக்கம் பிறவியிலேயே வருவதன்று. கற்றுப் பெற வேண்டியது.

இதை நன்கு உணர்ந்து செயலிற் காட்டியவர் போலந்து நாட்டு மருத்துவர் யானுஷ் கோர்ச்சாக். குழந்தை மருத்துவத்தில் நற்பெயர் பெற்றிருந்த அவர், 1912 ஆம் ஆண்டில் வார்சா நகரில் யூத அனாதைக் குழந்தைகளுக்கான இல்லம் ஒன்றின் பொறுப்பை ஏற்றார். ஏறத்தாழ நூறு பிள்ளைகள் அங்கு வாழ்ந்தார்கள். அன்றாட நிர்வாகத்தைத் தாங்கியவர் ஸ்டெபானியா வில்சின்ஸ்கா என்னும் அம்மையார்.

அவ்விருவரும் 1923 இல் அவ்வில்லத்தோடு ஒரு பயிற்சி விடுதியை இணைத்தார்கள். பிள்ளைகளை வளர்க்கும் தொழிலைக் கற்க விரும்பிய இளைஞர்களுக்கு அங்கே தங்க இடமும் உணவும் கிடைத்தன. அதற்கு ஈடாக அவர்கள் நாள்தோறும் சில மணி நேரம் இல்லத்தில் பணிபுரிந்தார்கள். ஒவ்வொருவரிடமும் ஒரு குறிப்பேடு இருந்தது. அன்று கண்டது, ஐயுற்றது, செய்யத் தெரியாமல் திகைத்தது ஆகிய யாவற்றையும் அதில் எழுத வேண்டும். வில்சின்ஸ்கா அம்மையார் அவற்றைப் படித்து மறுமொழி எழுதுவார். சிக்கல்களை எல்லோரும் ஒன்றாகக் கூடிப் பேசுவதும் உண்டு. வகுப்பறையின் கடைசி வரிசையில் அமர்ந்த அந்த மூத்த ஆசிரியரை இங்கே நினைவுகூருங்கள். அறிவுரை முன்னதாக ஒருமுறை சொல்லி முடிக்கப்படவில்லை. வேலைக்கு நடுவில், நாள்தோறும் தொடர்ந்தது.

கோர்ச்சாக்கின் விரிவுரை ஒன்றைப் பற்றி அவரிடம் பயின்றவர்கள் சொல்லியிருக்கிறார்கள். மாணவர்களை அவர் எக்ஸ்ரே அறைக்கு வரச் சொன்னார். ஒரு சிறுவனைக் கைப்பிடித்து அழைத்து வந்து கருவியின் பின்னே நிறுத்தினார். விளக்குகள் அணைந்தன. புதிய இடம், அறியாத முகங்கள், இருள். அஞ்சிய அச்சிறுவனின் இதயம் படபடவென்று துடிப்பதைத் திரையில் எல்லோரும் கண்டார்கள். ஒரு பிள்ளையிடம் சினங்கொள்ளும் வேளையில் இக்காட்சியை நினைத்துக்கொள்ளுங்கள் என்பதே அன்றைய பாடம். நூறு பக்க விதிமுறைகள் கற்பிக்க முடியாததை அந்தச் சில நிமிடங்கள் கற்பித்தன.

பணியாளர்களின் அதிகாரத்துக்கும் அங்கு வரம்பு இருந்தது. பிள்ளைகளே நீதிபதிகளாக அமர்ந்த ஒரு நீதிமன்றம் அவ்வில்லத்தில் நடந்தது. பெரியவர் மீதும் அங்கு வழக்குத் தொடுக்கலாம். ஆறு மாத காலத்தில் தம்மையே ஐந்து முறை அம்மன்றத்தின் முன் நிறுத்திக்கொண்டதாகக் கோர்ச்சாக் எழுதியிருக்கிறார். தன்னைப் பிறர் கேள்வி கேட்க இடங்கொடுப்பதும் பணியாளர் கற்க வேண்டிய பாடங்களுள் ஒன்றாகும்.

1942 ஆகஸ்டில் நாஜிப் படையினர் அவ்வில்லத்துப் பிள்ளைகளை ட்ரெப்ளிங்கா கொலைக்களத்துக்கு அனுப்பினார்கள். கோர்ச்சாக்கும் வில்சின்ஸ்காவும் மற்றப் பணியாளரும் பிள்ளைகளை விட்டுப் பிரியாமல் உடன் சென்று மாண்டார்கள். உலகம் அந்த முடிவையே பெரிதும் நினைவில் வைத்திருக்கிறது. அதற்கு முன் முப்பதாண்டுகள் அவர்கள் ஒவ்வொரு நாளும் ஆற்றிய அமைதியான பணியும் நினைக்கத் தக்கது.

இனி, பயிற்சி அளித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா என்றும் கேட்க வேண்டும். இதற்கு விடை தந்தது, ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் மூன்று குழந்தை இல்லங்களில் நடந்து, 2008 இல் முழுமையாக வெளியிடப்பட்ட ஓர் ஆய்வு. அவ்வில்லங்களில் நான்கு வயது வரையிலான சிறு குழந்தைகள் வளர்ந்தார்கள். உணவுக்கும் மருத்துவத்துக்கும் குறைவில்லை. ஆனால் பணியாளர் இருபத்துநான்கு மணி நேரம் பணிபுரிந்து மூன்று நாள் வாராதிருப்பார். குழந்தைகள் வளர வளரப் பிரிவு மாற்றப்படுவார்கள். இதனால் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் ஒரு குழந்தை 60 முதல் 100 வரையிலான வெவ்வேறு முகங்களைக் கண்டுவிடும். யாரைத் தன்னவர் என்று அது கொள்ளும்?

ஆய்வாளர்கள் ஓர் இல்லத்தில் பணியாளருக்குப் பயிற்சி மட்டும் அளித்தார்கள். மற்றோர் இல்லத்தில் பயிற்சியோடு அமைப்பையும் மாற்றினார்கள்: குழுவின் அளவைப் பாதியாகக் குறைத்தார்கள், ஒவ்வொரு குழுவுக்கும் மாறாத இரு முதன்மைப் பராமரிப்பாளரை அமர்த்தினார்கள், நாள்தோறும் குறித்த நேரத்தில் குழந்தைகளோடு மட்டும் இருக்கச் செய்தார்கள். மூன்றாவது இல்லத்தில் மாற்றம் ஏதும் செய்யவில்லை. விளைவு யாது? பயிற்சியும் அமைப்பு மாற்றமும் சேர்ந்த இல்லத்தில் குழந்தைகளின் உடல் வளர்ச்சி, அறிவு, பேச்சு, பழகும் தன்மை யாவும் மேம்பட்டன. பயிற்சி மட்டும் பெற்ற இல்லத்தில் முன்னேற்றம் அவ்வளவாக இல்லை. ஆராய்ந்தது சிறு குழந்தைகளையே எனினும், வளர்ந்த பிள்ளைகளுக்கும் பொருந்தும் ஓர் உண்மை இதில் இருக்கிறது. கற்றதைச் செய்து காட்டப் பணியாளருக்கு நேரமும் நிலையான இடமும் வேண்டும். நாற்பது பிள்ளைகளை ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு, ஒவ்வொரு பிள்ளையின் மனத்தையும் அறிந்து நட என்று அவருக்குச் சொற்பொழிவாற்றுவதில் பயன் என்ன?

நம் நாட்டைப் பார்ப்போம். சிறாருக்கெனத் தனிச் சட்டம் இயற்றிய முதல் இந்திய மாகாணம் சென்னையே. அது 1920 ஆம் ஆண்டு. கோர்ச்சாக் பிறந்த போலந்து 1978 இல் முன்மொழிந்து, ஐக்கிய நாடுகள் அவை 1989 இல் ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையில் இந்தியா 1992 இல் இணைந்தது. அவ்வுடன்படிக்கையை முகவுரையில் குறிப்பிடும் 2015 ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், குழந்தைகள் இல்லங்கள் யாவும் பதிவு பெற வேண்டும் என்கிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனிப் பராமரிப்புத் திட்டம் வேண்டும் என்கிறது. இல்லங்களில் உடல் தண்டனையைக் குற்றமாக்கியிருக்கிறது. பிள்ளையைக் கொடுமை செய்யும் இல்லப் பணியாளருக்கு ஐந்தாண்டு வரை கடுங்காவல் விதிக்கவும் அதில் இடமுண்டு.

இவை வேண்டிய விதிகளே. ஆயின் சட்டம் ஓங்கிய கையைத் தடுக்கும். அந்தக் கை பிள்ளையின் தலையை எவ்வாறு வருட வேண்டும் என்பதைக் கற்பிக்காது. தனித் திட்டம் என்பது படிவத்தில் நிரப்பப்படும் தாளாக முடிவதும், பிள்ளையின் வாழ்வாக மலர்வதும் அதை எழுதுகிறவரின் தேர்ச்சியையே பொறுத்தவை. அத்தேர்ச்சிக்கு மூன்று வேண்டும். பணியில் சேருமுன் முறையான பயிற்சி வேண்டும். சேர்ந்த பின் ஐயங்களைக் கேட்கவும் மனச்சுமையை இறக்கி வைக்கவும் ஒரு மூத்தவர் வேண்டும். மதிப்போடு நிலைத்திருக்கத் தக்க ஊதியமும் ஓய்வும் வேண்டும். ஆண்டுக்கொரு பணியாளர் மாறும் இல்லத்தில், பிள்ளை ஆண்டுக்கொரு முறை கைவிடப்படுகிறது.

மாணவச் செல்வங்களே, உங்கள் வகுப்பிலேயே இல்லத்தில் வாழும் தோழன் ஒருவன் அமர்ந்திருக்கக் கூடும். அவனுக்கு உங்கள் இரக்கம் வேண்டியதில்லை, தோழமை போதும். கல்லூரியில் உளவியலும் சமூகப் பணியும் பயில்வோர், இல்லப் பணியை வேறு வேலை கிடைக்காதவர் செய்யும் வேலை என்று எண்ணாதீர்கள். மருத்துவமும் ஆசிரியமும் எவ்வளவு கல்வியை வேண்டுகின்றனவோ, அவ்வளவையும் வேண்டுவது இத்தொழில். நாளை உங்களுள் சிலர் இத்தகைய இல்லங்களுக்குப் பொருளுதவி செய்வீர்கள். சிலர் அவற்றை ஆய்வு செய்யும் அலுவலராகவும் செல்வீர்கள். கட்டடத்தையும் கணக்கையும் பார்த்த பின் இன்னும் ஒரு கேள்வி கேளுங்கள்: "இரவில் ஒரு பிள்ளை அழுதால் யார் எழுந்து வருவார்? அவருக்கு யார் கற்பித்தார்கள்?"

இக்கேள்விக்குப் பெயர் சொல்லி விடை தரும் இல்லமே நல்ல இல்லம்.