காபிக்கு ஒரு தூரத்துச் சொந்தம்

கையில் காபி டம்ளர் இருக்கிறதா? அந்தக் காபிக் குடும்பத்தில் ஒரு செடி. பெயர் கஃபே மரோன். ஊர், இந்தியப் பெருங்கடலில் ரோட்ரிக்ஸ் தீவு. அழிந்தே போய்விட்டது என்று கைவிட்ட செடி. 1980 வாக்கில் ஒரு பள்ளிக்கூடப் பையன் கண்ணில் பட்டது. இருந்தது ஒன்றே ஒன்று! மருந்துக்கு ஆகுமென்று ஜனங்கள் ஒடிக்க ஒடிக்க, வேலி போட வேண்டியதாயிற்று. அந்தச் செடியில் வெட்டிய குச்சி லண்டன் கியூ தாவரவியல் பூங்காவில் வேர்பிடித்தது. நட்சத்திரம் மாதிரி வெள்ளைப் பூ. பூக்கும், பூக்கும், காய்க்காது. ஒற்றைச் செடி, காய்க்காவிட்டால் வம்சம் ஏது? கார்லோஸ் மக்தலேனா என்ற தோட்டக்கலைஞர் விடுவதாக இல்லை. பூவின் சூல்முடியைச் சீவிவிட்டு, மகரந்தத்தை நேரே வைத்துப் பார்த்தார். திரும்பத் திரும்ப வைத்தார். 2003-ல் காய்த்தது! பிறகு விதைகளை ரோட்ரிக்ஸுக்கே அனுப்பினார்கள்.