விமான நிலையம் பெரிதாகிறது: பணம் யாருடையது, நிலம் யாருடையது?

(செபராங் பிறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்த சட்ட விளக்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



விமான நிலையத்தைப் பற்றிப் பேச வழக்கறிஞர் எதற்கு என்று வாசலில் ஒரு ஐயா கேட்டார். நியாயமான கேள்விதான். நம்மில் பலருக்கு விமான நிலையம் என்றால் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை மிதிக்கும் இடம். ஊரில் ஒரு சாவு, ஒரு கல்யாணம், ஒரு வேண்டுதல் என்றால் திருச்சிக்கோ சென்னைக்கோ போய் வருவோம். அதோடு சரி. ஆனால் அந்தக் கட்டடத்துக்குள் உங்கள் பணம் எத்தனை வழியில் நுழைகிறது என்று தெரிந்தால், இந்தக் கேள்வியை நீங்கள் கேட்க மாட்டீர்கள்.

முதலில் டிக்கெட்டைப் பாருங்கள். கீழே பயணிகள் சேவைக் கட்டணம் என்று தனியாக ஒரு வரி இருக்கும். 2024 ஜூன் 1ஆம் தேதி நடப்புக்கு வந்த கட்டணப்படி, பினாங்கிலிருந்தோ கேஎல்ஐஏ இரண்டாம் முனையத்திலிருந்தோ ஆசியான் நாட்டுக்குப் போனால் 35 வெள்ளி. ஆசியானுக்கு வெளியே போனால் 50 வெள்ளி. கேஎல்ஐஏ முதல் முனையம் என்றால் அதுவே 73 வெள்ளி. இது போக, 2019 செப்டம்பர் 1 முதல் அரசாங்கம் புறப்பாட்டு வரி விதித்தது. சாதாரண வகுப்பில் ஆசியானுக்குள் 8 வெள்ளி, வெளியே 20 வெள்ளி.

கூட்டிப் பாருங்கள். பேங்காக்குக்குச் சட்டை துணி வாங்கப் போகிறவர் 43 வெள்ளி கட்டுகிறார். திருச்சியில் பெரியப்பா முகத்தைக் கடைசியாகப் பார்க்க ஓடுகிறவர் குறைந்தது 70 வெள்ளி கட்டுகிறார். நான்கு பேர் போனால் 280 வெள்ளி. புறப்பாட்டு வரி அரசாங்கக் கஜானாவுக்குப் போகிறது. சேவைக் கட்டணம் விமான நிலையத்தை நடத்தும் நிறுவனத்துக்குப் போகிறது. இந்தியாவுக்குப் போவது நமக்கு உல்லாசப் பயணம் அல்ல, உறவு என்பது எந்தக் கட்டணப் பட்டியலிலும் எழுதப்படவில்லை.

இப்போது நம் பக்கத்து விமான நிலையத்துக்கு வருவோம். பாயான் லெப்பாஸ் விமான நிலையம் 1935இல் தொடங்கியது. அதன் முனையம் ஆண்டுக்கு 65 லட்சம் பயணிகளைத் தாங்கும். 2019இல் வந்து போனவர்களோ ஏறக்குறைய 83 லட்சம் பேர். வரிசையில் நின்று கால் வலித்தவர்களுக்கு இந்தக் கணக்கு புரியும். ஆகவே விரிவாக்கம் வேண்டுமா என்பதில் எனக்குச் சண்டை இல்லை. வேண்டும். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் நம் பிள்ளைகள் செய்கிற பொருள்கள் வெளியே போவதும் இந்த வழியாகத்தான். இப்போதைய திட்டம் ஆண்டுக்கு ஒரு கோடியே 20 லட்சம் பயணிகள் என்ற அளவுக்கு முனையத்தைப் பெரிதாக்குவது. செலவு 150 கோடி வெள்ளிக்குக் குறையாது. 2028இல் முடிப்பது இலக்கு.

என் சண்டை, 150 கோடி எங்கிருந்து வருகிறது என்பதில்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு அறை கூடுதலாகக் கட்ட வேண்டும் என்று வையுங்கள். கையில் பணம் இருந்தால் போடலாம். வங்கியில் கடன் வாங்கலாம். இல்லையென்றால், முன் அறையில் குடியிருப்பவரின் வருங்கால வாடகையை யாரிடமாவது விற்று இன்றைக்கே ரொக்கம் வாங்கலாம். விமான நிலையத்துக்கும் வழிகள் இவைதாம். 2018 நவம்பரில் அன்றைய நிதியமைச்சர் லிம் குவான் எங் படித்த வரவு செலவுத் திட்டத்தில் மூன்றாவது வழி அறிவிக்கப்பட்டது. விமான நிலையங்களின் வருமானத்தை ஒரு சொத்து முதலீட்டு அறநிதியில் வைத்து, அதில் 30 விழுக்காட்டை விற்று 400 கோடி வெள்ளி திரட்டுவது என்றார்கள். அது நடக்கவில்லை. கடைசியில் நாட்டின் விமான நிலையங்களை நடத்தும் மலேசியா ஏர்போர்ட்ஸ் நிறுவனமே பினாங்குச் செலவை ஏற்பது என்றானது.

நிறுவனம் ஏற்கிறது என்றதும் நாம் நிம்மதியாகிவிடுகிறோம். நிறுவனத்துக்குப் பணம் வானத்திலிருந்தா விழுகிறது? டிக்கெட்டில் கட்டிய அந்த 50 வெள்ளியிலிருந்தும், கடை வாடகையிலிருந்தும், கடனிலிருந்தும் வருகிறது. கடனை அடைப்பதும் நாளைய பயணிதான். 2024 மார்ச்சில் அந்த நிறுவனமும் அரசாங்கமும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 2069 வரை ஓடுகிறது. இன்று தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அப்போது ஐம்பது வயது இருக்கும்.

அடுத்தது, பலருக்கும் தெரியாத வழி. 2024 மே மாதம் நான்கு முதலீட்டாளர்கள் கூட்டுச் சேர்ந்து, பங்கு ஒன்றுக்கு 11 வெள்ளி கொடுத்து அந்த நிறுவனத்தை வாங்க முன்வந்தார்கள். 2025இல் நிறுவனம் பங்குச் சந்தையிலிருந்து வெளியேறியது. யார் அந்த நால்வர்? கசானா, அபுதாபி அரசின் முதலீட்டு அமைப்பு ஒன்று, அமெரிக்காவின் பிளாக்ராக் குழுமம் பிறகு வாங்கிக்கொண்ட ஜிஐபி, நான்காவதாக நம் ஊழியர் சேமநிதி வாரியம். பிளாக்ராக் பற்றி ஊரெல்லாம் பேசினார்கள், ஊர்வலம் போனார்கள். சேமநிதியைப் பற்றி நம் வீடுகளில் யார் பேசினார்கள்? திட்டப்படி கசானாவுக்கு 40 விழுக்காடு, சேமநிதிக்கு 30 விழுக்காடு, மற்ற இருவருக்கும் சேர்த்து 30.

மாதா மாதம் உங்கள் சம்பளத்தில் 11 விழுக்காடு பிடிக்கிறார்களே, அந்தப் பணம்தான் இது. விமான நிலையத்தில் இரவு ஷிப்டில் கழிவறை கழுவும் அம்மாவின் பணமும் அதில் இருக்கிறது. குத்தகைக்காரரிடம் குறைந்த சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் அவர். அவருடைய சேமநிதி, அவர் தரை துடைக்கும் கட்டடத்தில் பங்குதாரர்! முதலீடு தவறு என்று நான் சொல்லவில்லை. விமான நிலையம் நிலையான வருமானம் தரக்கூடிய சொத்து, நல்ல ஈவு வந்தால் முதுமையில் நமக்குத்தான் உதவும். ஆனால் பணம் போட்டவனுக்குக் கணக்குக் கேட்கும் உரிமை உண்டு. சேமநிதி வாரியத்தில் தொழிலாளர் பிரதிநிதிகளும் அமர்கிறார்கள். அவர்களுக்குக் கடிதம் எழுதியவர்கள் கை தூக்குங்கள் என்றால், இந்த மண்டபத்தில் எத்தனை கைகள் உயரும்?

கேட்காமல் இருந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கேஎல்ஐஏ இரண்டாம் முனையம் சாட்சி. 200 கோடி வெள்ளிக்குள் முடியும் என்று தொடங்கிய வேலை, 400 கோடி அளவுக்குப் போனது. திறப்பு விழா தேதி தள்ளித் தள்ளி 2014 மே 2ஆம் தேதிதான் திறந்தார்கள். திறந்த பிறகு விமானம் நிற்கும் தளத்தில் மண் அமுங்கி நீர் தேங்கியது. நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு விசாரித்தது. பணம் செலவான பிறகு நடக்கும் விசாரணை, பிணத்துக்கு வைத்தியம் பார்ப்பது போலத்தான்.

பணத்தை விடுங்கள். நான் வழக்கறிஞர். எனக்கு நிலம்தான் பெரிய கவலை.

1998 ஜூனில் திறந்த கேஎல்ஐஏவுக்கு ஒதுக்கப்பட்ட நிலம் ஏறத்தாழ 100 சதுர கிலோமீட்டர். ஓடுபாதைக்கு மட்டுமா அவ்வளவும்? இன்று அங்கே பேரங்காடி இருக்கிறது, சரக்குக் கிடங்குகள் இருக்கின்றன. 1991இல் நிலக் கையகப்படுத்தல் சட்டத்தைத் திருத்தினார்கள். பொருளாதார மேம்பாட்டுக்கு நல்லது என்று மாநில அரசு கருதினால் தனியார் நிறுவனத்துக்காகவும் நிலம் எடுக்கலாம் என்றானது. எடுத்த நிலத்தைப் பிறகு வேறு விதமாகக் கைமாற்றினாலும், எடுத்தது செல்லாது என்று வழக்காட முடியாதபடி 68ஏ என்ற பிரிவையும் சேர்த்தார்கள். விமான நிலையம் வளரும்போது அதைச் சுற்றி ஊரே வளரும். அந்த வளர்ச்சிக்கு நிலம் தருவது பெரும்பாலும் தோட்டங்கள்.

தோட்டத்தை எடுக்கும்போது யாருக்கு இழப்பீடு? அரசியலமைப்பின் 13ஆவது விதி, போதுமான இழப்பீடு இல்லாமல் யாருடைய சொத்தையும் கட்டாயமாக எடுக்கக்கூடாது என்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நிலக் கையகப்படுத்தல் சட்டத்தின் 2ஆவது பிரிவைப் படியுங்கள். இழப்பீடு கோரக்கூடியவர் யார் என்று விளக்கிவிட்டு, உரிமையாளரின் விருப்பத்தின் பேரில் மட்டும் குடியிருப்பவர் இதில் சேரமாட்டார் என்று சொல்லிவிட்டது. லயத்து வீட்டில் மூன்று தலைமுறையாக இருக்கிறோம், தாத்தா நட்ட பலாமரம் நிற்கிறது, முனீஸ்வரர் கோயில் நிற்கிறது. சட்டத்தின் கண்ணில் அந்த வீடு வேலையோடு வந்தது, வேலையோடு போவது. நிலத்துக்கான காசோலை கம்பெனிக்குப் போகும். தொழிலாளிக்கு வருவது பணிநீக்கப் பலன். ஐந்து ஆண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் சம்பளம் என்று 1980ஆம் ஆண்டு விதிமுறை சொல்கிறது. இருபத்தைந்து ஆண்டு உழைத்தால் 500 நாள் சம்பளம். ஏறக்குறைய ஒன்றரை ஆண்டுச் சம்பளத்தில் எந்தத் தாமானில் வீடு வாங்குவீர்கள்?

விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே, அதே தொண்ணூறுகளில் எழுந்தது புத்ராஜெயா. அதற்காகப் பிராங் பெசார், மெடிங்லி, கேலவே, செஜலி என நான்கு தோட்டங்களின் மக்களை எழுப்பினார்கள். டெங்கிலில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடியில் குடிவைத்தார்கள். தரைவீடு தருவதாகச் சொன்னார்கள் என்று அம்மக்கள் பல ஆண்டுகள் போராடினார்கள். கிடைத்த அடுக்குமாடியின் சுவர்களோ விரிசல் விட்டன. நிர்வாகத் தலைநகரின் கண்ணாடிக் கட்டடங்களுக்கும் அந்த விரிசல் சுவருக்கும் இடையே சில கிலோமீட்டர்தான்.

இதே வட்டாரத்தில் வேறொரு சமூகம் என்ன செய்தது என்று கேளுங்கள். டெங்கில் அருகே புக்கிட் தம்போய் என்ற இடத்தில் தெமுவான் பூர்வகுடி மக்கள் வாழ்ந்தார்கள். 1995இல், கேஎல்ஐஏவுக்குப் போகும் நீலாய் பந்திங் நெடுஞ்சாலைக்காக அவர்களின் 38 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் எடுக்கப்பட்டது. மரத்துக்கும் பயிருக்கும் வீட்டுக்கும் காசு கொடுத்தார்கள். நிலத்துக்கு இல்லை. பட்டா இல்லையே, நிலம் உங்களுடையது எப்படி என்றார்கள். அவர்கள் வழக்குப் போட்டார்கள். சகோங் தாசி வழக்கு என்று சட்டக் கல்லூரிகளில் படிக்கிறார்கள். 2002இல் உயர்நீதிமன்றம் நிலம் அவர்களுடைய மரபுரிமை என்றது, சட்டப்படி இழப்பீடு கொடு என்றது. 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நீதிபதி கோபால் ஸ்ரீ ராம் தலைமையிலான அமர்வு அதை உறுதி செய்தது. 2010இல் 65 லட்சம் வெள்ளிக்குச் சமரசம் ஏற்பட்டது. ஒரு சாலைக்குப் பதினைந்து ஆண்டு!

நமக்கு அந்த மரபுரிமை இல்லை. அவர்கள் மண்ணின் மூத்த குடிகள், நாம் கப்பலில் கொண்டுவரப்பட்டவர்கள். அந்தத் தீர்ப்பைக் காட்டி லயத்து நிலம் எங்களுடையது என்று யாராவது உங்களிடம் மனு விற்றால் நம்பாதீர்கள். ஆனால் அவர்களிடம் ஒன்று கற்கலாம். யார் எங்கே புதைக்கப்பட்டார், எந்த மரத்தை யார் நட்டார் என்று அவர்களால் நீதிமன்றத்தில் சொல்ல முடிந்தது. நம்மிடம் பழைய சம்பளச் சீட்டு, தோட்ட முகவரியுள்ள பிறப்புப் பத்திரம், பள்ளிப் பதிவு, கோயில் நன்கொடை ரசீது உண்டு. தகர டப்பாவில் கரையான் தின்ன விடாதீர்கள். அவை பட்டா தராது. ஆனால் மாற்று வீடு கேட்டு மேசையில் உட்காரும்போது, வெறுங்கையோடு உட்கார்வதைவிட ஆயிரம் மடங்கு மேல்.

சிறு நிலமோ வீடோ சொந்தப் பெயரில் இருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன், கவனியுங்கள். அக்கரையில் விரிவாக்கம் நடக்கிறது, கெடாவில் கூலிம் பக்கம் புதிய விமான நிலையம் பற்றிப் பல ஆண்டுகளாகப் பேச்சு நடக்கிறது. விமான நிலையமோ, அதற்குப் போகும் சாலையோ, உங்கள் நிலத்தைத் தொட்டால் நில அலுவலகத்திலிருந்து பாரங்கள் வரும். விசாரணைக்குக் கூப்பிடும் கடிதம் பாரம் இ. அன்றைக்குக் கட்டாயம் போங்கள், முடிந்தால் சொந்த மதிப்பீட்டாளரின் அறிக்கையோடு போங்கள். தீர்ப்புத் தொகை வந்ததும் பாரம் எச் கொடுப்பார்கள். தொகை குறைவு என்று பட்டால், ஆட்சேபத்தோடு ஏற்கிறேன் என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். பணமும் வாங்கலாம், வழக்கும் போடலாம். ஆட்சேபம் எழுதாமல் வாங்கினால் கதவு மூடிவிடும். விசாரணையில் இருந்தவருக்குத் தீர்ப்பு நாளிலிருந்து ஆறு வாரம்தான். பாரம் என் நிரப்பி ஆட்சேபத்தைத் தர வேண்டும். ஏழாவது வாரம் என் அலுவலகத்துக்கு வந்து அழுதால் நானும் உங்களோடு சேர்ந்து அழத்தான் முடியும்.

அதற்கும் முன்னால் ஒரு கட்டம் உண்டு. நகராண்மைக் கழகம் உள்ளூர் மேம்பாட்டுத் திட்ட வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கும்போது, சட்டம் 172இன் கீழ் யாரும் எழுத்தில் ஆட்சேபிக்கலாம். நிலம் சொந்தமாக இருக்க வேண்டியதில்லை. தோட்டம் இருந்த இடம் வரைபடத்தில் வேறு நிறமாக மாறுவதை முதலில் பார்க்கக்கூடிய இடம் அதுதான். சனிக்கிழமை கிரிக்கெட் பார்க்கும் தம்பிகள் நான்கு பேர் ஒரு நாள் அந்த வரைபடத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

வாசல் பக்க மேசையில் ஒரு கடிதம் இருக்கிறது. சேமநிதி வாரியத்தின் தொழிலாளர் பிரதிநிதிகளுக்கு எழுதியது. மூன்று கேள்விகள்: நம் பணம் போன விமான நிலையங்களில் குத்தகைத் தொழிலாளிக்கு என்ன சம்பளம் என்று நீங்கள் கேட்டீர்களா? விரிவாக்கச் செலவு ஏறினால் யார் தலையில் விழும்? நிலம் எடுக்கப்படும்போது வீடிழக்கும் தொழிலாளிக்கு மாற்று வீடு என்பது முதலீட்டு நிபந்தனையாக இருக்குமா? படித்துப் பாருங்கள், சம்மதம் என்றால் பெயரும் கையெழுத்தும் போடுங்கள். சேமநிதி உறுப்பினர் எண்ணை மட்டும் எழுத வேண்டாம், அது உங்களோடு இருக்கட்டும். தேநீரும் வடையும் அதே மேசையில்தான் வைத்திருக்கிறார்கள். நில அலுவலகக் கடிதம் கையில் வைத்திருப்பவர்கள் மட்டும் தேநீருக்கு முன் என்னிடம் வாருங்கள், தேதியைப் பார்த்துவிடுவோம்.