கதைகளில் நம் பிள்ளைகளின் இடம்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

இருபத்தைந்து ஆண்டுகளாக நம் பிள்ளைகளுக்குப் புத்தகமும் ஊக்கமும் அளித்து வரும் இக்கழகத்தின் விழாவில், சிறுவர்க்கான மாயக் கதைகளைப் பற்றிச் சில சொல்ல விழைகின்றேன். தேர்வுக்கு உதவாத பூதக் கதையும் தேவதைக் கதையும் எதற்கு என்று சிலர் வினவக்கூடும். பாடநூலைத் தொடுவதற்கு முன்பே பிள்ளை கதை கேட்கத் தொடங்கிவிடுகிறது. உலகில் யார் பெரியவர், யார் சிறியவர், யார் வீரர், யார் அரக்கர் என்னும் முதற்பாடத்தை அது கதையிலேதான் கற்கிறது. ஆகவே, இது கல்விக் கழகம் எண்ணிப் பார்க்க வேண்டிய பொருளே ஆகும்.

1947இல் சென்னையில் நாகி ரெட்டியும் சக்கரபாணியும் தொடங்கிய 'அம்புலிமாமா'வைப் படித்து வளர்ந்தவர்கள் இந்த அவையில் பலர் இருப்பீர்கள். விக்கிரமாதித்தனையும் வேதாளத்தையும் யார் மறப்பார்? 11ஆம் நூற்றாண்டில் சோமதேவர் வடமொழியில் இயற்றிய 'கதாசரித்சாகர'த்திலும் அவ்வேதாளக் கதைகள் உள்ளன. அவற்றின் சுவையை நான் மறுக்கவில்லை. எனினும், அரசனும் அமைச்சனும் அந்தணனும் வணிகனும் நிறைந்த அந்த உலகில், செருப்புத் தைப்பவரின் மகனுக்கும் பறையடிப்பவரின் மகளுக்கும் என்ன இடம் இருக்கிறது? ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவன் என்னிடம், "ஐயா, நம்ம ஆளுங்க கதையில வரவே மாட்டாங்களா?" என்று கேட்டான். கேட்க வேண்டிய கேள்விதான்.

நம் மக்களின் வாய்மொழிக் கதைகளில் அவர்கள் வருகிறார்கள். அதுவும் தெய்வங்களாகவே வருகிறார்கள். மதுரை வீரனைப் பாருங்கள். சக்கிலியர் குடியில் வளர்ந்தவன், பொம்மியை மணந்தவன், மாறுகால் மாறுகை வாங்கப்பட்டு மாண்டு, தெய்வமாக நிற்பவன். ஆனால் பரவலாக வழங்கும் கதையோ, அவன் காசி அரசனுக்குப் பிறந்து காட்டில் விடப்பட்டவன் என்று கூறுகிறது. முத்துப்பட்டன் கதையும் அத்தகையதே. பார்ப்பன இளைஞனான பட்டன், வாலப்பகடையின் மக்களான பொம்மக்கா, திம்மக்கா மீது காதல் கொண்டு, பூணூலைத் துறந்து, செருப்புத் தைக்கக் கற்று, கிடை மாடுகளைக் காத்து மாண்டான். அப்பெண்களும் பிறப்பால் பார்ப்பனக் குடியினரே என்று சில வடிவங்கள் திருத்திச் சொல்கின்றன. இக்கதைப் பாடலைப் பதிப்பித்த பேராசிரியர் நா. வானமாமலை, இது பின்னாளில் சேர்க்கப்பட்டது என்று எடுத்துக்காட்டினார்.

வீரமும் அழகும் எங்கே காணப்பட்டாலும் அங்கே ஓர் உயர்குடிப் பிறப்பைக் கொண்டுவந்து ஒட்டுகிறார்கள். அதைக் கேட்கும் நம் பிள்ளை என்ன நினைக்கும்? நம் வீட்டில் வளரலாம். ஆனால் நம் வீட்டில் பிறந்தவன் வீரனாக முடியாது என்றுதானே நினைக்கும்? 

கதை பிறர் கைக்குப் போகும்போது நேரும் இந்த இழப்பு நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்கக் கறுப்பின மக்களும் இதை அனுபவித்தவர்கள். 1865இல் அடிமை முறை ஒழிக்கப்படும் வரை, தென் மாநிலங்கள் பலவற்றில் அடிமைகளுக்கு எழுத்தறிவிப்பதே சட்டப்படி குற்றம். ஆகவே, அவர்கள் தங்கள் அறிவையெல்லாம் கதைகளில் பொதிந்து வைத்தனர். வலிய விலங்குகளை அறிவால் வெல்லும் முயலின் கதைகள் அவற்றுள் புகழ் பெற்றவை. ஜோயல் சாண்ட்லர் ஹாரிஸ் என்னும் வெள்ளையர் 1880இல் அவற்றை நூலாக்கினார். கதைகள் காப்பாற்றப்பட்டன என்பது உண்மை. ஆயினும், பழைய பண்ணை வாழ்வை எண்ணி மகிழும் ஒரு முதியவர், வெள்ளைக்காரச் சிறுவனுக்கு அவற்றைச் சொல்வதாக அவர் அமைத்துவிட்டார். கதைக்குள் இருந்த கோபம் மறைந்தது.

நூறாண்டு கழித்து அந்தக் கதைகளை மீட்டவர் வர்ஜீனியா ஹாமில்டன் என்னும் கறுப்பின எழுத்தாளர். அவருடைய பாட்டனார் லீவை பெரி, குழந்தையாக இருந்தபோதே அடிமைத் தளையிலிருந்து தப்பி ஒஹாயோ மாநிலம் வந்து சேர்ந்தவர். ஹாமில்டன் 1983இல் எழுதிய நாவலில், 'பிரெட்டி பெர்ல்' என்னும் தெய்வக் குழந்தை ஆப்பிரிக்காவின் கென்யா மலையிலிருந்து இறங்கி, அடிமைப்பட்ட தன் மக்களைத் தேடி அமெரிக்கா செல்கிறது. காட்டில் மறைந்து வாழும் கறுப்பின மக்களோடு கலக்கிறது. 1985இல் 24 நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்து வெளியிட்டார். அந்நூலின் பெயர்க் கதையில், பருத்திக் காட்டில் சவுக்கடி படும் அடிமைகள், முதியவர் ஒருவர் உச்சரிக்கும் பழைய மந்திரச் சொல்லைக் கேட்டு வானில் பறந்து போகிறார்கள். பறக்க இயலாதவர்கள் மண்ணிலேயே தங்கி, அந்தக் கதையைத் தம் பிள்ளைகளுக்குச் சொல்லி வைக்கிறார்கள். 1992இல் சிறுவர் இலக்கியத்திற்கான ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருது அவருக்கு வழங்கப்பட்டது.

பறத்தல் என்பது வெறும் மாயம் என்று அறிவுடையோர் சிலர் தள்ளிவிடலாம். சவுக்கின் கீழ் நின்றவனுக்கு அதுதான் விடுதலையின் முதல் நினைவு. மூட நம்பிக்கையை வளர்க்கும் கதையையும் மனத்தை நிமிரச் செய்யும் கதையையும் பிரித்தறிந்து பிள்ளைகளிடம் சேர்ப்பது நம் கடமை. பேய்க்கு அஞ்சச் சொல்லும் கதை வேறு; பேயை ஏமாற்றித் தப்பிய உழவர் மகளின் கதை வேறு.

ஆதலின், இந்த விழாவில் ஒரு வேண்டுகோளை முன்வைக்கின்றேன. நம் மாணவர்கள் ஒவ்வொருவரும் தத்தம் பாட்டியிடமும் பெரியப்பாவிடமும் ஒரு கதையேனும் கேட்டு, சொன்னவர் பெயரும் ஊரும் ஆண்டும் குறித்து, சொன்ன சொல் மாறாமல் எழுதி வரவேண்டும். கழகம் அவற்றைத் தொகுத்துப் பாதுகாக்க வேண்டும். எழுதும் ஆற்றல் உள்ள இளைஞர்கள் அவற்றிலிருந்து புதிய சிறுவர் கதைகளைப் படைக்க வேண்டும். அக்கதைகளின் வீரன் நம் தெருவிலேயே பிறக்கட்டும். வேறு எந்த அரண்மனையும் அவனுக்குத் தேவையில்லை.

காலம் தாழ்த்தலாகாது. கதை சொல்லும் முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். எழுத்தறியாத காலத்திலும் நம் முன்னோர் கதைகளைக் காப்பாற்றித் தந்தார்கள். எழுத்தறிந்த தலைமுறை அவற்றைத் தொலைத்துவிட்டது என்னும் பழிச்சொல் நமக்கு வேண்டாம்.