ரத்தம் ஊறுவது எப்படி?

(பஞ்சாலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டு வகுப்பில் நிகழ்த்திய உரை)



நடவு வயலில் குனிந்து நிமிர்ந்தால் கண் இருட்டுகிறது. ஆலையில் அறுந்த இழையை ஒட்டும்போதே கை தளர்கிறது. மேஸ்திரி இதைச் சோம்பேறித்தனம் என்கிறார். வீட்டுப் பெரியவர்கள் தலைவிதி என்கிறார்கள். விஞ்ஞானம் என்ன சொல்கிறது? பல சமயங்களில் இது சோகை என்கிறது. 2019-21-ல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்குச் சோகை இருந்தது. பாதிப் பேருக்கு மேல் சோம்பேறிகளா?

சோகைக்குக் காரணங்கள் பல. அவற்றில் முக்கியமானது இரும்புச் சத்துப் பற்றாக்குறை. நம் உடம்பு இரும்பை எப்படிக் கணக்குப் பார்த்துச் செலவிடுகிறது என்பதைத் தெரிந்துகொண்டால், கோளாறு எங்கே இருக்கிறது என்பது விளங்கும்.

ரத்தத்தின் சிவப்பு அணுக்களில் ஹீமோகுளோபின் என்ற பொருள் உண்டு. அதிலுள்ள இரும்புதான் நாம் இழுக்கும் மூச்சிலிருந்து பிராணவாயுவைப் பிடித்து, உடம்பு முழுவதும் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. எலும்பின் மஜ்ஜை ஒரு விநாடிக்குச் சுமார் 20 லட்சம் சிவப்பு அணுக்களை உற்பத்தி செய்கிறது. இதற்கு ஒரு நாளைக்கு 20 முதல் 25 மில்லிகிராம் இரும்பு வேண்டும். ஆனால் சாப்பாட்டிலிருந்து உடம்பு எடுத்துக்கொள்வது 1 அல்லது 2 மில்லிகிராம்தான். மீதி எங்கிருந்து வருகிறது? ஒரு சிவப்பு அணுவின் ஆயுள் சுமார் 120 நாள். கிழடான அணுக்களை மண்ணீரலிலும் கல்லீரலிலும் உள்ள வேறு அணுக்கள் விழுங்கி, இரும்பைப் பிரித்துத் திரும்பவும் மஜ்ஜைக்கு அனுப்பிவிடுகின்றன. பழைய வண்டியைப் பிரித்து, அதே இரும்பில் புது வண்டி கட்டுவது போல.

மிஞ்சிய இரும்பை வெளியே தள்ள உடம்பில் வழி கிடையாது. அளவுக்கு மீறித் தங்கினாலோ ஈரலையும் இருதயத்தையும் கெடுத்துவிடும். ஆகவே உள்ளே வரும் கதவில்தான் காவல். சிறுகுடலின் அணுக்களில் உள்ள அந்தக் கதவுக்குப் பெரோபோர்ட்டின் என்று பெயர். அதை அடைக்கும் பொருளைக் கல்லீரல் சுரக்கிறது. அதன் பெயர் ஹெப்சிடின். ஹெப்சிடின் கூடினால் கதவு அடைபடும், குறைந்தால் திறக்கும். இது இப்படித்தான் நடக்கிறது என்பது 2004-ல்தான் தெளிவாயிற்று.

ரத்தம் குறைந்தால் என்ன நடக்கிறது? பிராணவாயு போதவில்லை என்பதைச் சிறுநீரகம் உணர்ந்து, மஜ்ஜைக்குத் தாக்கல் அனுப்புகிறது. மஜ்ஜை வேலையைத் துரிதப்படுத்தி, ஈரலுக்குத் தானும் ஒரு தாக்கல் அனுப்புகிறது. எரித்ரோபெரோன் என்ற இந்தத் தாக்கலை 2014-ல் கண்டுபிடித்தார்கள். ஈரல் ஹெப்சிடினைக் குறைக்கிறது. கதவு திறக்கிறது. உடம்பு தன் கடமையைச் செய்துவிட்டது. ஆனால் திறந்த கதவில் நுழைய இரும்பு வேண்டாமா? வெறும் சோறும் ரசமும், சோற்றோடு ஒரு டீயும் என்றால், அதில் இருக்கும் கொஞ்ச இரும்பையும் டீயே தடுத்துவிடும்.

வரவு இப்படி, செலவைப் பாருங்கள். மாதவிலக்கிலும் பிரசவத்திலும் பெண்கள் ரத்தம் இழக்கிறார்கள். செருப்பில்லாத காலின் தோலைத் துளைத்து ஏறும் கொக்கிப்புழு, குடலில் கடித்துத் தொங்கி ரத்தம் குடிக்கிறது. ஒரு புழு நாளைக்குக் குடிப்பது ஒரு துளியோ சில துளிகளோதான். நூறு புழு குடியேறினால், உடம்பு அன்றன்று சம்பாதிக்கும் இரும்பில் பெரும்பகுதி அவற்றுக்கே போய்விடும்.

சரித்திரத்தில் ஒரு சாட்சி உண்டு. சுவிட்சர்லாந்தில் ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து, 1872 முதல் 1882 வரை கோத்தார்டு ரயில் சுரங்கம் கட்டினார்கள். தொழிலாளர்களில் பெரும்பாலோர் இத்தாலியர். 1875-ல் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் மாண்டனர். உள்ளே வெக்கையும் ஈரமும். மலம் கழிக்கவும் அந்தச் சுரங்கமேதான். ஆட்கள் வெளுத்து, ஊதி, சுருண்டு விழுந்தார்கள். 1880-ல் இத்தாலிய மருத்துவர்கள் கொக்கிப்புழுவே காரணம் என்று நிரூபித்தனர். குற்றம் தொழிலாளியின் உடல்வாகில் இல்லை. அவனை வேலை வாங்கிய நிலைமையில் இருந்தது.

இன்னொன்று. கிருமிகளுக்கும் இரும்பு தேவை. ஆகவே நாள்பட்ட நோய் இருந்தால், கிருமிக்கு எட்டாமல் இருக்க உடம்பு கதவை அடைத்துக்கொள்கிறது. அப்போது மாத்திரை மட்டும் விழுங்கிப் பயன் அதிகம் இராது; மூல நோயையும் தீர்க்க வேண்டும். தலசீமியா என்ற பரம்பரை நோயிலோ இரும்பு மிகுந்திருந்தும் கதவு திறந்தே கிடக்கும். ஆகவே ரத்தப் பரிசோதனை செய்யாமல் நாமாக டானிக் வாங்கிக் குடிப்பது சரியல்ல. விட்டுப்போன நாளுக்கும் சேர்த்து இரண்டு மாத்திரை போடுவதும் வீண். அளவு கூடினால் ஹெப்சிடின் கூடிக் கதவு அடைபடும்.

நாமே செய்யக்கூடியவை சில உண்டு. டீயைச் சாப்பாட்டோடு குடிக்காமல் ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கலாம். சோற்றோடு நெல்லிக்காயோ எலுமிச்சையோ கொய்யாவோ சேர்த்தால் கீரை, தானியத்தின் இரும்பு நன்றாக ஏறும். மீன், ஈரல், கறியிலுள்ள இரும்பு இன்னும் சுலபமாக ஏறும். அரசாங்க ஆஸ்பத்திரியில் இரும்பு மாத்திரையும் பூச்சி மாத்திரையும் இலவசம், கேட்டு வாங்குங்கள்.

ஆனால் மீனும் ஈரலும் வாங்கக் கூலி வேண்டும். டீயைத் தள்ளிக் குடிக்க, ஆலையில் தனி இடைவேளை வேண்டும். கொக்கிப்புழுவை ஒழிக்கக் கழிப்பறையும் காலுக்குச் செருப்பும் வேண்டும். ஆகவே அடுத்த கோரிக்கைப் பட்டியலில் கூலி உயர்வோடு இவற்றையும், ஆண்டுக்கொரு முறை இலவச ரத்தப் பரிசோதனையையும் ஒவ்வொரு கிளையும் சேர்க்க வேண்டும். மேஸ்திரி இனிச் "சோம்பேறி" என்றால், "முதலில் ரத்தத்தைப் பரிசோதிக்க ஏற்பாடு செய்யுங்கள்" என்று சங்கத்தின் மூலம் பதில் சொல்லுங்கள்.