கதவடைப்பும் கஞ்சிக் கலயமும்



2020 மார்ச் 18-இல் தொடங்கிய நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தேவைதானா என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. "உயிரைக் காத்தது" என்பர் ஒரு சாரார். "வயிற்றில் அடித்தது" என்பர் மறு சாரார். இரண்டும் உண்மையே என்கிறோம் நாம்.

தடுப்பூசி இந்நாட்டுக்கு வந்தது 2021 பிப்ரவரியில். அதுவரை முகக்கவசமும் விலகியிருத்தலுமே நமக்கிருந்த மருந்து. ஆனால், சுவரோடு சுவர் ஒட்டிய லயத்து வீட்டில் விலகுவது எங்ஙனம்? அலுவலகத்தார் பலர் வீட்டிலிருந்தே வேலை செய்தனர். பால்மரத்தை வீட்டிலிருந்து வெட்ட முடியுமா? 2021-இல் ஏழைகள் வாசலில் வெள்ளைக்கொடி கட்டி உணவு கேட்டதை நாடே கண்டது.

எனவே, பூட்டிய நாளுக்குக் கூலி யார் தருவது என்று கேட்கிறோம். இன்னொரு கொள்ளைநோய் வருமுன், கதவடைக்கும் சட்டத்திலேயே கூலிக்கும் உத்தரவாதம் எழுதப்படவேண்டும். அதற்காக ஒன்றுபடுவோம்!