கருவி கேட்க வைக்கிறதா? எழுத வைக்கிறதா? இணையமும் பேராக் தமிழ் வகுப்பறையும்



இணையவழிக் கற்றல் கருவிகள் குறித்து உரையாற்றுமாறு எங்களைப் பணித்தமைக்கு நன்றி. செயலிகளின் பட்டியலை எதிர்பார்த்துக் குறிப்பேட்டோடு வந்திருப்போர் பொறுத்தருள வேண்டும். பட்டியல்கள் விரைவில் பழசாகிவிடும். 2019இல் நம் நாட்டுப் பள்ளிகள் 'ஃபுரோக்' கற்றல் தளத்தை விட்டுக் கூகுள் வகுப்பறைக்கு மாறின. 2020 ஜூனில் 'டெலிமா' தளம் வந்தது. ஒன்றைப் பழகி முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. ஆகவே, எந்தக் கருவி கைக்கு வந்தாலும் அதனிடம் நாம் கேட்க வேண்டிய ஒரு கேள்வியைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறோம். அக்கேள்வியை நாங்கள் நூல்களிலிருந்து பெறவில்லை. பிழை செய்து கற்றுக்கொண்டோம்.

முதலில் நாம் நிற்கும் மண்ணை நினைவுகூர்வோம். 1877இல் சிங்கப்பூர் வழியாக வந்த ரப்பர்க் கன்றுகள் இம்மாநிலத்தின் கோலகங்சாரில் நடப்பட்டன. பின்னர் விரிந்த தோட்டங்களில் பால்வெட்ட வந்தோரின் பிள்ளைகளுக்காகத் தோட்டந்தோறும் சிறு பள்ளிகள் எழுந்தன. பத்துப் பிள்ளைகளுக்குக் குறையாது உள்ள தோட்டங்கள் பள்ளி அமைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் விதித்தது. நாட்டிலுள்ள ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் மிகுதியானவை இன்றும் பேராக்கில்தான் இருக்கின்றன. ஆனால், அப்பள்ளிகளைச் சூழ்ந்திருந்த தோட்டங்கள் பல இன்று இல்லை. சில துண்டாடப்பட்டன, சில செம்பனைக்கு மாறின, சில வீடமைப்புப் பகுதிகளாயின. லயத்து வீடுகளில் வாழ்ந்தோர் ஈப்போ, சுங்கை சிப்புட், தெலுக் இந்தான் என நகரங்களுக்குப் பெயர்ந்தனர். பள்ளியின் பெயரில் தோட்டம் இருக்கிறது. மாணவர் கண்ணில் தோட்டம் இல்லை. இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது நம் வகுப்பறைகள் ஒரே நாளில் திறன்பேசித் திரைக்குள் சுருங்கின. இல்லிருப்புக் கற்றலுக்கு நாங்கள் ஆர்வத்தோடு ஆயத்தமானோம். இரவெல்லாம் விழித்துப் படவில்லைகள் செய்தோம். குவிசிஸ், காகூட் போன்ற புதிர் விளையாட்டுகளில் இலக்கணக் கேள்விகளை ஏற்றினோம். புலனக் குழுவில் பயிற்றித்தாள்களை நாள்தோறும் அனுப்பினோம். எத்தனை பேர் நுழைந்தனர், எத்தனை புள்ளி பெற்றனர் என்ற அட்டவணையைக் கண்டு மகிழ்ந்தோம்.

அந்த அட்டவணை இரண்டு உண்மைகளை மறைத்தது. முதலாவது, அதில் வராத பிள்ளைகள். கல்வியமைச்சு அவ்வாண்டு நடத்திய ஆய்வில், ஏறத்தாழ 37 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்தக் கருவியும் இல்லை என்று தெரியவந்தது. எங்கள் வகுப்பிலும் ஒரு மாணவி பகல் முழுதும் காணாமல் போவாள்; இரவு ஒன்பது மணிக்கு மேல் விடைகளை அனுப்புவாள். சோம்பல் என்று முதலில் எண்ணினோம். வீட்டிலிருந்த ஒரே திறன்பேசி லாரி ஓட்டும் தந்தையோடு வெளியே சென்று, அவரோடுதான் வீடு திரும்பும் என்பதைப் பின்னரே அறிந்தோம். காலை பத்து மணி வகுப்புக்கு அவள் வரவில்லை என்று வருகைப் பதிவேட்டில் எத்தனை முறை குறித்திருப்போம்!

இரண்டாவது உண்மை, பள்ளி மீண்டும் திறந்தபோது வெளிப்பட்டது. புதிர்களில் தொடர்ந்து முதலிடம் பெற்ற மாணவன் ஒருவனிடம், 'விடுமுறையில் நீ செய்ததை ஐந்து வாக்கியத்தில் எழுது' என்றோம். இரண்டாவது வாக்கியத்தில் எழுதுகோல் நின்றுவிட்டது. அவன் மேல் குற்றமில்லை. ஓராண்டுக்கு மேலாக நாங்கள் அவனிடம் கேட்டதெல்லாம், நான்கு விடைகளுள் ஒன்றைத் தொடு என்பதே. தொடக் கற்றுக்கொண்டான். தமிழில் ஒரு வாக்கியத்தை அவனிடமிருந்து நாங்கள் கேட்கவேயில்லை.

அங்கேதான் எங்கள் கேள்வி பிறந்தது: 'இந்தக் கருவி மாணவனைத் தமிழில் என்ன செய்ய வைக்கிறது?' பார்க்க வைக்கிறதா, தொட வைக்கிறதா, அல்லது கேட்கவும் பேசவும் எழுதவும் வைக்கிறதா? புதிர் விளையாட்டு தீயதன்று; நினைவூட்டலுக்கு அது உதவும். ஆனால் அதையே பாடமாக்கினால், மொழிப் பாடத்தில் மொழி இல்லாமல் போகும்.

இக்கேள்வியோடு கருவிகளை மறுபடி ஆராய்ந்தபோது, நாங்கள் பொருட்படுத்தாத ஒன்று முதலில் நின்றது. அதுதான் விசைப்பலகை. திறன்பேசியில் தமிழ் எழுதுவதற்கு நாம் வெளியே தேட வேண்டியதில்லை. கேரித்தீவில் பிறந்த முத்து நெடுமாறன் 1985இல் தொடங்கிய முரசு மென்பொருளும், 2005இல் வெளிவந்த செல்லினமும் நம் நாட்டுத் தமிழர் உலகத் தமிழருக்குத் தந்த கொடைகள். இருந்தும் நம் மாணவர் பலர் 'அம்மா' என்பதை ஆங்கில எழுத்தில் எழுதியே புலனத்தில் அனுப்புகின்றனர்.

ஒலியைக் கொண்டு ஆங்கில எழுத்துகளைத் தட்டித் தமிழ் பெறும் அஞ்சல் முறை எளிது, பெரியோர்க்குப் பயன்படும். ஆயினும் லகர, ளகர வேறுபாட்டைச் சிறிய, பெரிய ஆங்கில எழுத்துகளால் நினைவில் வைக்க வேண்டியிருக்கும். பிள்ளைகளுக்கு நாங்கள் தமிழ்99 முறையையே கற்பித்தோம். காரணம் வேகமன்று, இலக்கணம்.

தமிழ்99 பலகையில் உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 என்ற எழுத்துகளுக்கு இடம் உண்டு. 216 உயிர்மெய்களுக்கும் தனித்தனி விசை கிடையாது. ககர விசையைத் தட்டி உகர விசையைத் தட்டினால் 'கு' வரும். 247 எழுத்துகளும் 31 எழுத்துகளிலிருந்து பிறப்பதை மாணவன் தன் விரலால் அறிகிறான். ககரத்தை இருமுறை தட்டினால் முதல் ககரம் தானே புள்ளி பெற்று 'க்க' ஆகும். ஙகரத்தை அடுத்துக் ககரம் வந்தாலும், ணகரத்தை அடுத்து டகரம் வந்தாலும், நகரத்தை அடுத்துத் தகரம் வந்தாலும் மெல்லினம் தானாகவே புள்ளி பெறும். 'ஏன் ஐயா, இதற்கு மட்டும் புள்ளி தானாக வருகிறது?' என்று ஒரு மாணவன் கேட்ட நாளில், இன எழுத்துப் பாடத்தை நாங்கள் நடத்த வேண்டியிருக்கவில்லை. அவனே பாதி நடத்திவிட்டான். கரும்பலகையில் பல நாள் சொல்லியும் பதியாத ஒன்று ஒரு விசையில் பதிந்தது.

எழுதக் கற்ற பின் எதை எழுதுவது? இங்கேதான் நாம் முதலில் நினைவுகூர்ந்த தோட்டம் மீண்டும் வகுப்பறைக்குள் வந்தது. ஐந்தாம் ஆண்டு மாணவர்க்கு ஓர் இடுபணி தந்தோம். வீட்டிலோ உறவிலோ உள்ள மூத்தவரிடம் தோட்டத்தில் வழங்கிய ஒரு சொல்லைக் கேட்க வேண்டும். அவர் விளக்குவதை ஒரு நிமிடம் ஒலிப்பதிவு செய்ய வேண்டும். பிறகு அதைத் திரும்பத் திரும்பக் கேட்டு, அவர் பேசியவாறே தட்டச்சிட வேண்டும். இறுதியாக, அதன் பொருளை எழுத்துத் தமிழில் இரண்டு வாக்கியமாக எழுத வேண்டும். இரவு எந்நேரமும் அனுப்பலாம் என்றோம். லாரி ஓட்டுநரின் மகளும் அவ்வாரம் முழுப்பணியையும் முடித்தாள்.

சொற்கள் வந்து குவிந்தன. விடியுமுன் களத்தில் கூடிப் பெயர் கொடுப்பது 'பெரட்டு'. பாலைச் சேர்க்கும் கிண்ணம் 'மங்கு'. இரு முனையிலும் வாளி தொங்கத் தோளில் சுமக்கும் கோல் 'காண்டா'. கணக்கெழுதுபவர் 'கிராணி'. இவற்றுள் பெரட்டு ஆங்கிலத்திலிருந்தும், கிராணி மலாயிலும் வழங்கும் சொல்லாகவும் வந்ததை மாணவரே பேசிக் கண்டனர். ஒரு பையன் ஒட்டுப்பாலும் கட்டிப்பாலும் ஒன்றே என்று எழுதிப் பாட்டியிடம் படித்துக் காட்டியிருக்கிறான். எழுதப் படிக்க அறியாத அந்த மூதாட்டி உடனே திருத்தினாராம். வெட்டிய கோட்டில் ஒட்டிக் காய்ந்திருப்பது ஒட்டுப்பால். மங்கிலேயே உறைந்துவிடுவது கட்டிப்பால். இரண்டையும் கலந்தால் அக்காலத்தில் ஏச்சு விழும் என்றாராம். பையன் மீண்டும் எழுதினான். சொல்லின் பொருளைத் துல்லியமாக வரையறுப்பது எப்படி என்று அவனுக்குக் கற்பித்தவர் நாங்கள் அல்லர்.

இப்பணிக்கு வேண்டிய கருவிகள் மிகக் குறைவு. ஒலிப்பதிவு எல்லாத் திறன்பேசியிலும் உண்டு. ஒரு நிமிடக் குரல்பதிவு மணிக்கணக்கான காணொளி வகுப்பைப் போல் இணையத் தரவை விழுங்குவதில்லை. பகிர்ந்து எழுதும் ஓர் அட்டவணை போதும். முன்னெச்சரிக்கையும் வேண்டும். மூத்தவரின் குரலை அவர் இசைவின்றி வகுப்புக்கு வெளியே பரப்பலாகாது. பொதுவில் வைக்க வேண்டியது சொல்லும் பொருளுமே. குடும்பக் கதை குடும்பத்தினுடையது.

இவ்வாறு திரட்டியவை எங்கே நிலைக்கும்? முன்மாதிரிகள் உள்ளன. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தன்னார்வலர் உழைப்பால் தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றியது. தமிழ் விக்கிப்பீடியா 2003இல் பிறந்தது. ஈழத்து எழுத்தாவணங்களைக் காக்க 2005இல் தொடங்கிய நூலகம் திட்டமும் நமக்குப் பாடமாகும். இவற்றை உருவாக்கியோருள் பலர் ஆசிரியரும் மாணவரும் போன்ற எளியோரே. நம் மாணவர் இத்தளங்களுக்குப் படிக்கச் செல்வது ஒரு படி. அங்கே சேர்க்கத் தக்க ஒன்றை எடுத்துச் செல்வது அடுத்த படி. தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்விப் பல்கலைக்கழகத்தில் தமிழ் பயிலும் வருங்கால ஆசிரியர்களே, இது உங்கள் வாசலருகே உள்ள பணி.

இன்று கட்டுரையைக் கேட்டவுடன் எழுதித்தரும் செயற்கை நுண்ணறிவும் வந்துவிட்டது. அதனிடமும் அதே கேள்வியையே கேட்போம். 'தோட்ட வாழ்க்கை' என்று தலைப்பிட்டால் அது ஒரு கட்டுரையைத் தரும். ஆனால் உங்கள் பாட்டி எந்தத் தோட்டத்தில், எத்தனை மணிக்கு எழுந்து, எதைச் சுமந்தார் என்பது அதற்குத் தெரியாது. அது பாட்டியின் நினைவில் மட்டுமே இருக்கிறது. மாணவரே, அதைக் கேட்டு எழுத நீங்கள் தவறினால் வேறு எவரும் எழுதப்போவதில்லை.

இதைச் சொல்லும்போது எங்களுக்கே ஒரு வருத்தம் உண்டு. எங்கள் அட்டவணையில் இரண்டு கட்டங்கள் வெறுமையாக இருக்கின்றன. அம்மாணவர்களின் தாத்தாக்களை அடுத்த தவணையில் பதிவு செய்துகொள்ளலாம் என்று தள்ளிவைத்தோம். தேர்வு இருந்தது, பாடத்திட்டம் இருந்தது. அடுத்த தவணை வந்தது; அவர்கள் இல்லை. அக்கட்டங்களை நாங்கள் அழிக்கவில்லை.

ஆசிரியப் பெருமக்களே, எல்லாக் கருவியையும் கற்க முயன்று களைத்துப் போக வேண்டா. ஒரு தவணைக்கு ஒரு கருவி போதும். அது வீட்டிலுள்ள ஒற்றைத் திறன்பேசியிலும் இயங்க வேண்டும். இரவு ஒன்பது மணிக்கு வரும் மாணவியையும் வரவேற்க வேண்டும். வகுப்பு முடியும்போது மாணவனின் தமிழ் வாக்கியம் ஒன்றேனும் நம் கையில் தர வேண்டும். மாணவச் செல்வங்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். இன்று வீடு சென்றதும், மூத்தவர் ஒருவரின் அருகில் அமருங்கள். அவர் ஒப்பினால் ஒலிப்பதிவை இயக்குங்கள். ஒரே ஒரு சொல்லைக் கேளுங்கள்.