துலூஸ்: செங்கல் நகரமும் பொன் மலரும்
(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பத்தாண்டு நிறைவைக் கொண்டாடும் இந்த அவையில், ஏழு நூற்றாண்டுகளைக் கடந்த ஒரு கவிதைக் கழகத்தையும் அதை ஈன்ற ஊரையும் பற்றிப் பேச விரும்புகிறேன். தென்மேற்குப் பிரான்சில், கரோன் ஆற்றங்கரையில் உள்ள துலூஸ் என்பது அவ்வூர். ஆற்று வண்டல் படிந்த சமவெளி. கட்டடக் கல் அருகில் இல்லை. ஆகவே கோயிலும் மாளிகையும் சுட்ட செங்கல்லால் எழுந்தன. இளஞ்சிவப்பு நகரம் என்ற பெயரும் அதனால் வந்தது.

உரோமர் காலத்தில் அது தொலோசா. கி.பி. 418 முதல் 507 வரை விசிகோத்தியரின் தலைநகர். பின்னர் துலூஸ் கோமகன்கள் ஆண்டார்கள். 12ஆம் நூற்றாண்டில் அந்நாட்டு அரசவைகளில் துருபதூர் என்னும் கவிஞர்கள் பாடினார்கள். இலத்தீனில் அன்று, வீட்டிலும் சந்தையிலும் வழங்கிய ஆக்சித்தானிய மொழியில், காதலைப் பாடினார்கள். அவர்களுள் பெயர் பெற்ற பேய்ரே விதால் துலூசில் பிறந்தவர். தோல் வணிகர் ஒருவரின் மகன் என்று பழைய குறிப்பு கூறும்.

அந்த வாழ்வைப் போர் குலைத்தது. கத்தார் சமயத்தாரை ஒடுக்க என்று 1209இல் வடக்கிலிருந்து சிலுவைப் படை இறங்கியது. 1218இல் துலூசை முற்றுகையிட்ட படைத்தலைவன் சிமோன் தெ மோன்ஃபோர், மதிலிலிருந்து பறந்து வந்த கல் தாக்கி மாண்டான். அந்தக் கல்லெறி பொறியை இயக்கியவர்கள் பெண்கள் என்பது ஊரார் போற்றும் மரபு. எனினும் இறுதியில் வென்றது பிரெஞ்சு அரசே. 1229இல் உடன்படிக்கை, 1233இல் சமய விசாரணை மன்றம், 1271இல் நாடு முழுவதும் பிரெஞ்சு மன்னருக்கு உரிமை ஆயிற்று. கவிஞரைப் புரந்த அவைகள் ஒவ்வொன்றாக அணைந்தன.

புரவலர் இல்லை, அவை இல்லை, பாட்டு என்ன ஆவது? 1323இல் அவ்வூர்க் குடிமக்கள் எழுவர் ஒரு தோட்டத்தில் கூடி அதற்கு விடை கண்டார்கள். ஆக்சித்தானிய மொழி வழங்கும் நாடெங்கும் உள்ள கவிஞர்களுக்குச் செய்யுளிலேயே ஓர் அழைப்பு எழுதினார்கள்: அடுத்த மே மாதத் தொடக்கத்தில் வாருங்கள், உங்கள் பாடலைப் படியுங்கள், சிறந்ததற்குப் பொன்னால் செய்த வயலட் மலர் பரிசு. 1324 மே 3ஆம் நாள் அந்த மலரைப் பெற்றவர் கஸ்தெல்நோதரி ஊரினரான அர்நாத் விதால். அவர் பாடியது அன்னை மரியாளின் மேல். சமய விசாரணை நிலவிய ஊரில் காதற் பாட்டின் மொழி அன்னையின் திருவடியில் அடைக்கலம் புகுந்தது என்றே நான் அதைப் படிக்கிறேன். பிறகு கீயேம் மொலினியே என்பவரைக் கொண்டு அம்மொழிக்கு இலக்கணமும் யாப்பும் வகுத்தார்கள். ‘அன்பின் விதிகள்’ என்பது அந்நூலின் பெயர்.

இனி நான் சொல்லப்போவதே இந்த அவை எண்ணிப் பார்க்க வேண்டியது. அரசு ஆவணங்கள் பிரெஞ்சு மொழியிலேயே அமைய வேண்டும் என்ற வில்லேர்-கொத்ரே ஆணை பிறந்தது 1539இல். கவிதைக் கழகமோ அதற்கு முன்பே, 1513ஐ ஒட்டிய ஆண்டுகளில், ஆக்சித்தானியப் பாடலைக் கைவிட்டுப் பிரெஞ்சுப் பாடலுக்கு மாறிவிட்டது. கழகத்தை அவ்வாறு மாறச் சொல்லி அந்த ஆணை வரவில்லை. மன்னரின் உயர்நீதிமன்றம் ஊரில் வேரூன்றியிருந்தது. பதவியும் மதிப்பும் பிரெஞ்சு பேசின. கற்றோர் அதன் பின்னே நடந்தார்கள். மலர் அதேதான், மொழி வேறு.

ஊரின் செல்வமும் அவ்வாறே ஏறி இறங்கியது. பாஸ்தெல் என்னும் செடியின் இலையிலிருந்து எடுத்த நீலச் சாயத்தால் வணிகர்கள் கொழித்தார்கள். அவர்களில் ஒருவரான பியேர் அசெசா 1555இல் மாளிகை கட்டத் தொடங்கினார். சில ஆண்டுகளிலேயே விலை சரிந்தது. சமயப் போர் மூண்டது. பின்னாளில் நம் இந்தியாவிலிருந்தும் வேறு நாடுகளிலிருந்தும் வந்த அவுரி அந்தச் சாயத்தின் இடத்தைப் பிடித்தது.

கழகம் கைவிட்ட மொழியைக் கையில் ஏந்தியவர் பேய்ரே குதுலின். ஊர்த் தெருவில் ஒலித்த மொழியில் 1617இல் தம் பாடல் தொகுதியை வெளியிட்டார். கழகத்தை 1694இல் பதினான்காம் லூயி அரசாங்க அகாதெமியாக உயர்த்தினார். 1819இல் இளைஞர் விக்தோர் ஹியூகோவுக்கு அது பொன் லில்லி மலர் சூட்டியது. தன்னை ஈன்ற மொழிக்கு அது மீண்டும் கதவு திறந்தது 1895இல். ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் கழித்து! அதற்குள் பள்ளிக்கூடத்தில் தாய்மொழி பேசிய பிள்ளை தண்டனை பெறும் காலம் வந்துவிட்டது.

இன்று துலூஸ் விமானங்களின் ஊர். 1969 மார்ச் 2ஆம் நாள் கன்கார்ட் விமானம் முதன்முதலாக அங்கேதான் வானேறியது. அகாதெமி அசெசாவின் மாளிகையில் இருக்கிறது. சுரங்க ரயிலில் நிலையங்களின் பெயரைப் பிரெஞ்சிலும் ஆக்சித்தானியத்திலும் அறிவிக்கிறார்கள். ஆனால் அந்த அறிவிப்பைத் தம் வீட்டு மொழியாகக் கேட்பவர் மிகச் சிலரே.

நண்பர்களே, ஒரு கழகம் நூற்றாண்டுகள் வாழலாம். விழா தவறாமல் நடக்கலாம். பரிசும் பொன்னாகவே இருக்கலாம். எதைக் காக்கக் கூடினோமோ அது மட்டும் கைநழுவிப் போயிருக்கலாம். இதுவே துலூஸ் நமக்குத் தரும் எச்சரிக்கை. எல்லா அவைகளும் அணைந்த பிறகும் எழுவர் கூடினால் போதும் என்பது அதே ஊர் தரும் நம்பிக்கை. நாம் எழுவரினும் பலர். எத்தனை ஆண்டு நடத்தினோம் என்ற கணக்கோடு, புதிதாக எழுத வரும் ஓர் இளைஞனின் வீட்டுத் தமிழுக்கு இந்த அவையில் இடம் கொடுத்தோமா என்ற கணக்கையும் ஆண்டுதோறும் பார்ப்போமாக.

வட்டம் வளர்க.